காற்றின் தடம் கண்ட அறிஞர் ஹாரி வெக்ஸ்லர்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு தோன்றிவிட்டால் போதும். நம் வீடுகளில் எல்லோரும் தொலைக்காட்சி முன் அமர்ந்து செயற்கைக் கோள் படத்துக்காகக் காத்திருக்கிறோம். கடலின் மேல் சுழன்று நிற்கும் வெண்மேகத் திரளைப் பார்த்து, புயல் எந்தக் கரையை நோக்கி வருகிறது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லி விடுகிறார்கள். இத்தகைய படம் ஒன்று, அதை எடுக்கக் கூடிய செயற்கைக் கோள் எதுவும் ஏவப்படாத 1954 ஆம் ஆண்டிலேயே ஓர் ஓவியரின் தூரிகையால் வரையப்பட்டது என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். அதை வரையச் செய்தவர், அமெரிக்க வானிலைத் துறையின் ஆராய்ச்சித் தலைவராக விளங்கிய ஹாரி வெக்ஸ்லர்.

புவியியல் வகுப்பில் வானிலை இயல் நடத்தும்போது இவர் பெயரைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை. வானிலை அறிஞர் உலகில் இவர் புகழ் பெரிது. நமது பாடநூல்களிலோ அரை வரிதான். இவரது வாழ்வில் எல்லாவற்றையும் ஒரே அளவாகச் சொல்ல நான் எண்ணவில்லை. எங்கோ ஒரு காடு எரிந்தால் அதன் புகை எந்த ஊருக்கு, என்றைக்கு வந்து சேரும் என்பதை இன்று வானிலிருந்து பார்த்துச் சொல்கிறார்கள் அல்லவா? அந்தக் கலைக்கு இவர் போட்ட வழியைப் பற்றியே மிகுதியும் சொல்ல விரும்புகிறேன்.

வெக்ஸ்லர் 1911 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்னும் நகரில் பிறந்தார். பெற்றோர் ரஷ்யாவிலிருந்து குடியேறிய யூதர்கள். ஃபால் ரிவர் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர்; நம் கோயம்புத்தூரை நினைத்துக் கொள்ளலாம். அதே ஊரில் வளர்ந்த ஜெரோம் நமியாஸ் இவருடைய இளமைத் தோழர். பிற்காலத்தில் நமியாஸ் நீண்ட கால வானிலைக் கணிப்பில் பெரும்புகழ் அடைந்தார். தோழர்கள் இருவரும் உடன்பிறந்த சகோதரியர் இருவரை மணந்து சகலைகளும் ஆனார்கள். ஒரே ஊரில் வளர்ந்து, ஒரே துறையில் புகுந்து, ஒரே வீட்டில் பெண்ணெடுத்து, இருவருமே அத்துறையின் உச்சிக்குப் போனது அரிய செய்தி.

ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் கணிதம் பயின்று 1932 இல் பட்டம் பெற்ற வெக்ஸ்லர், பிறகு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே கார்ல் குஸ்தாவ் ராஸ்பி ஆசிரியராக இருந்தார். மேலடுக்குக் காற்றில் ஓடும் பேரலைகளுக்கு இன்றும் ராஸ்பி அலைகள் என்றே பெயர். காற்று என்பது தரையில் வீசுவது மட்டுமன்று. பல மைல் உயரத்தில் கண்டங்களையும் கடல்களையும் தாண்டி ஓடும் பேராறு என்ற பார்வையை வெக்ஸ்லர் ராஸ்பியிடம்தான் பெற்றிருக்க வேண்டும். 1934 இல் வானிலைத் துறையில் பணியில் சேர்ந்தார். பணியில் இருந்தபடியே ஆய்வைத் தொடர்ந்து 1939 இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

இரண்டாம் உலகப் போரின்போது இவர் விமானப் படையில் வானிலை அதிகாரியாக இருந்தார். 1944 செப்டம்பர் 14 ஆம் நாள் அட்லாண்டிக் கரையோரமாக ஒரு பெரும் சூறாவளி வந்து கொண்டிருந்தது. கர்னல் ஃபிளாய்டு வுட் என்ற அதிகாரி ஓட்டிய சிறிய குண்டு வீச்சு விமானத்தில் வெக்ஸ்லர் ஏறி அந்தச் சூறாவளிக்கு உள்ளேயே சென்று திரும்பினார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே ஒரு விமானி புயலுக்குள் பறந்திருக்கிறார் என்றாலும், அறிவியல் நோக்கத்தோடு உள்ளே புகுந்த முதல் விஞ்ஞானி வெக்ஸ்லரே. புயலின் மையத்தை ஒட்டிக் காற்று எங்கே மேலெழுகிறது, எங்கே கீழிறங்குகிறது என்பதை உடல் குலுங்க உணர்ந்து குறித்து வந்தார். மேசை முன் அமர்ந்து வரைபடம் போடுவதோடு மனநிறைவு அடைகிறவர் அல்லர் என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

போர் முடிந்ததும் துறைக்குத் திரும்பி அறிவியல் பிரிவின் தலைவரானார். இனி நான் சொல்ல வந்த புகைக்கு வருகிறேன்.

1950 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் தொடக்கத்தில் கனடாவின் மேற்கே, பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா ஆகிய மாநிலங்களின் வட பகுதியில் காடு தீப்பற்றியது. சின்சாகா என்னும் ஆற்றின் பெயரால் இதைச் சின்சாகா தீ என்பார்கள். அங்கே ஊர்களும் இல்லை, சாலைகளும் இல்லை. ஆகவே அணைக்கவும் யாரும் முனையவில்லை. எரிந்து ஓயட்டும் என்று விட்டு விட்டார்கள். அக்டோபர் இறுதி வரை, ஐந்து மாதங்கள், அது எரிந்தது. 12 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட காடு அழிந்தது. வட அமெரிக்காவில் பதிவான தனித் தீக்களில் இதுவே மிகப் பெரியது என்று கருதுகிறார்கள்.

செப்டம்பர் 22 ஆம் நாளை ஒட்டிக் காற்று வலுத்துத் தீ வெறி கொண்டு ஓடியது. கிளம்பிய புகை பல ஆயிரம் அடி உயரத்துக்குப் போய், மேல் காற்றில் சிக்கிக் கிழக்கே நகர்ந்தது. 24 ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கனடாவின் ஒண்டாரியோவிலும், அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் நண்பகலுக்குப் பின் வானம் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, கடைசியில் இருட்டிவிட்டது. தெரு விளக்குகளை ஏற்றினார்கள். பறவைகள் கூடு திரும்பின, கோழிகள் அடைந்தன. இதில் விந்தை என்னவென்றால் மக்கள் மூக்கில் புகை நாற்றமே ஏறவில்லை. புகை முழுவதும் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஓர் அடுக்காக மிதந்து கொண்டிருந்தது. கீழே காற்று தெளிவாகவே இருந்தது. வாசனையும் இல்லை, கண்ணெரிச்சலும் இல்லை, ஆனால் பகலில் இரவு!

காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டுதான் சோவியத் நாடு முதல் அணுகுண்டை வெடித்திருந்தது. அந்த ஆண்டு ஜூனில் கொரியப் போர் தொடங்கியிருந்தது. அணுகுண்டு வெடித்து விட்டதோ என்று அஞ்சிப் பத்திரிகை அலுவலகங்களையும் வானிலை நிலையங்களையும் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலர். கிரகணம் என்றனர் சிலர். உலகம் முடியப் போகிறது என்றே சிலர் நம்பினர். அமெரிக்கா அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கருப்பு ஞாயிறு என்று நெடுநாள் நினைவில் வைத்திருந்தது.

இங்கே ஒரு பழைய செய்தியையும் சொல்ல வேண்டும். வெக்ஸ்லர் பிறந்த மாசசூசெட்ஸ் உள்ளிட்ட நியூ இங்கிலாந்துப் பகுதியில் 1780 மே 19 ஆம் நாளும் இப்படித்தான் பகலில் இருள் சூழ்ந்தது. இறுதித் தீர்ப்பு நாள் வந்து விட்டதென்று மக்கள் மாதா கோயில்களில் கூடினர். அது ஒண்டாரியோவில் எரிந்த காட்டின் புகை என்பதை, அங்கே நிற்கும் பழைய மரங்களின் தீக்காயங்களையும் வளையங்களையும் எண்ணிப் பார்த்து ஆராய்ச்சியாளர்கள் சொன்னது 2007 இல்! ஒரு பகல் இருட்டுக்கு விடை காண 227 ஆண்டுகள் ஆயின.

1950 இல் அவ்வளவு காலம் தேவைப்படவில்லை. சில வாரங்களில் வெக்ஸ்லர் அந்தப் புகைப் போர்வையின் வரலாற்றை எழுதி முடித்து, அதே ஆண்டு டிசம்பரில் வெதர்வைஸ் என்ற இதழில் வெளியிட்டார். அவரிடம் வானிலிருந்து எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இருந்தவை தரை நிலையங்களின் குறிப்புகள், மேல் காற்றின் திசையையும் வேகத்தையும் காட்டும் வரைபடங்கள், விமானிகள் சொன்ன தகவல்கள். இவற்றை வைத்துப் புகை எந்த நாளில் எங்கே இருந்தது என்று ஒரு போர்வையின் கிழிந்த துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது போல் சேர்த்தார். வாஷிங்டன் நகரை அடைந்த வெயிலின் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது என்றும், பகல் வெப்பநிலை எதிர்பார்த்ததை விடத் தாழ்ந்திருந்தது என்றும் கணக்கிட்டுக் காட்டினார். ஒரு காட்டுத் தீ ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் உள்ள ஊரின் வெயிலைக் குறைக்கும் என்பதை எண்ணால் காட்டிய இந்தச் சிறு கட்டுரை, 1980களில் அணுப்போரால் எழும் புகை உலகைக் குளிர வைக்குமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது மீண்டும் எடுத்துப் படிக்கப்பட்டது.

புகை அமெரிக்காவோடு நிற்கவில்லை. அட்லாண்டிக் கடலைத் தாண்டி 26 ஆம் நாள் ஸ்காட்லாந்தை அடைந்தது. அன்று பிற்பகல் அங்கே சூரியன் நீல நிறமாகத் தெரிந்தது. இரவில் நிலவும் நீலம். எடின்பரோ வான் ஆய்வுக் கூடத்தில் ராபர்ட் வில்சன் என்ற அறிஞர் நீலச் சூரியனின் ஒளியை அளந்து பதிவு செய்தார். இயற்பியல் மாணவர்கள் இதைக் கேட்டால், புகைக்குள் சூரியன் சிவப்பாகத் தானே தெரிய வேண்டும் என்று வினவுவார்கள். நியாயமான வினாதான். காற்று மூலக்கூறுகள் ஒளியின் அலைநீளத்தை விட மிகச் சிறியவை. அவை நீலத்தை அதிகம் சிதறடிப்பதால் அந்திச் சூரியன் சிவக்கிறது. ஆனால் துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய பருமன் கொண்டு, எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவாக அமைந்து விட்டால் முறை மாறி விடும். அவை சிவப்பை அதிகம் சிதறடிக்க, நமக்கு வந்து சேர்வது நீலம். பொதுவாகப் புகையில் பல அளவுத் துகள்கள் கலந்திருப்பதால் இந்த விந்தை அரிதாகவே நிகழ்கிறது.

இத்தகைய காட்சியை நம் சென்னையும் ஒரு முறை கண்டிருக்கிறது. 1883 ஆகஸ்டில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சூரியன் பச்சை நிறமாக எழுந்து பச்சையாகவே மறைந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் நிறமாலையை ஆராய்ந்து எழுதினார். கொடைக்கானல் வான் ஆய்வுக் கூடத்தை நிறுவியவரும் இவரே. வெக்ஸ்லர் 1951 இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, அந்தக் கிரகடோவாத் தூசு உலகைச் சுற்றிய வழியை மேலடுக்குக் காற்றோடு பொருத்திப் பார்ப்பதுதான். எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி. ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன் பல நாடுகளில் பலர் வானத்தைப் பார்த்து எழுதி வைத்த குறிப்புகள், அமெரிக்காவில் ஒருவர் காற்றோட்டத்தை அறிய உதவுகின்றன. நம் ஊரில் ஒருவர் எழுதும் குறிப்பு எங்கே, எப்போது பயன்படும் என்று யாரால் சொல்ல முடியும்?

காட்டுத் தீப் புகை, எரிமலைத் தூசு, அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கத் துகள் ஆகிய மூன்றையும் வெக்ஸ்லர் ஒரே கண்ணால் பார்த்தார் என்பது என் கருத்து. காற்றுக்கு உருவம் இல்லை. அதில் எதையாவது தூவினால்தான் அது போகும் வழி தெரியும். ஆற்றின் ஓட்டத்தை அறிய இலையைப் போட்டுப் பார்ப்பதில்லையா, அது போல. இவர் தலைமை தாங்கிய அறிவியல் பணிகளில் கதிரியக்கத் துகள் செல்லும் வழியைக் கணிக்கும் ஒரு சிறு பிரிவும் இருந்தது; லெஸ்டர் மாக்டா என்பவர் அதை நடத்தினார். அந்தப் பிரிவு வளர்ந்து பிற்காலத்தில் வளி ஆய்வகம் ஆயிற்று. காட்டுத் தீப் புகை நாளை எங்கே போகும் என்பதைக் கணக்கிட இன்று உலகெங்கும் பயன்படும் ஹைஸ்ப்ளிட் என்னும் கணினி நிரல் அந்த ஆய்வகத்தில் பிறந்ததே.

ஆனாலும் 1950 ஆம் ஆண்டு முறையில் ஒரு பெருங்குறை இருந்தது. நிலையங்கள் இருக்கும் இடத்தில்தான் குறிப்பு கிடைக்கும். ஆல்பர்ட்டாவின் காட்டிலும் அட்லாண்டிக்கின் நடுவிலும் குறிப்பு எழுத யார் இருக்கிறார்கள்? புகை வந்து இருட்டிய பிறகுதான் ஊருக்குத் தெரிகிறது. முன்கூட்டித் தெரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பார்க்கக் கூடிய உயரத்தில் ஒரு கண் வேண்டும்.

அந்தக் கண்ணைப் பற்றி 1954 இல் வெக்ஸ்லருக்குக் கடிதம் எழுதியவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். இரண்டு ஆண்டுகள் கழித்து இலங்கையில் வந்து குடியேறி, இறுதி வரை அங்கேயே வாழ்ந்த அதே கிளார்க்தான். செயற்கைக் கோளால் வானிலைக்கு என்ன பயன் என்ற கேள்வியை வெக்ஸ்லர் கையிலெடுத்தார். அந்நாளில் வானிலையாளர் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றை அளந்தால்தான் கணிப்பு. மேலிருந்து மேகத்தைப் படம் பிடித்து என்ன செய்வது என்று கேட்டார்கள். வெக்ஸ்லர் வாதம் செய்வதோடு நிற்கவில்லை. டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகருக்கு நேர் மேலே 4,000 மைல் உயரத்தில் நின்று பார்த்தால் வட அமெரிக்கா எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு, நிலம், கடல், மேகம் ஒவ்வொன்றும் எவ்வளவு வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பதையும் சேர்த்து ஓர் ஓவியமாகத் தீட்டச் செய்தார். அதில் சூறாவளியின் சுருளும், புயல்கள் வரிசையாக நகரும் மேகப் பட்டைகளும் இருந்தன. 1954 மே திங்களில் நியூயார்க்கில் உள்ள ஹேடன் கோளரங்கத்தில் நடந்த விண்வெளிப் பயணக் கருத்தரங்கில் அந்த ஓவியத்தைக் காட்டி உரையாற்றினார். ஸ்புட்னிக் பறக்க இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

ஆறு ஆண்டுகளில் கனவு பலித்தது. 1960 ஏப்ரல் முதல் நாள் கேப் கனாவரலிலிருந்து டைரோஸ்-1 ஏவப்பட்டது. இரண்டு தொலைக்காட்சிக் கேமராக்களைச் சுமந்து, ஏறக்குறைய 700 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிய அந்தக் கோள் 78 நாட்கள் வேலை செய்து சுமார் 23 ஆயிரம் படங்களை அனுப்பியது. ஓவியத்தில் இருந்த சுருள்களும் பட்டைகளும் உண்மையிலேயே வானில் இருந்தன. அந்தக் கோளின் மங்கலான கருப்பு வெள்ளைப் படங்களில் மேகம் தெரிந்ததே தவிர, மெல்லிய புகையைப் பிரித்தறிவது எளிதாக இல்லை. அதற்குக் கருவிகள் இன்னும் கூர்மை பெற வேண்டியிருந்தது.

கூர்மை படிப்படியாக வந்தது. ஓடும் கோள் ஓரிடத்தை ஒரு நொடி பார்த்து விட்டுப் போய்விடும். புகையின் நகர்வை அறிய அதே இடத்தை மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். விஸ்கான்சின் பல்கலைக் கழகத்தின் வெர்னர் சுவோமி அமைத்த சுழல் கேமரா 1966 டிசம்பரில் ஏ.டி.எஸ்.-1 என்ற கோளில் ஏறியது. 35,800 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும் கோள் அது. அடுத்தடுத்த படங்களைச் சேர்த்து ஓட விட்டபோது மேகங்கள் நகர்வதை மனிதன் முதன் முறையாகப் பூமியின் பாதியளவுக்கு ஒரே பார்வையில் கண்டான். இன்று அந்த வகைக் கோள்கள் 10 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியின் முழு முகத்தையும் படம் எடுக்கின்றன.

படத்தில் புகையை மேகத்திலிருந்து எப்படிப் பிரிக்கிறார்கள் என்று மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். ஒரே குறியால் அல்ல. மேகம் வெண்மை, புகை சாம்பலோ பழுப்போ நீலமோ கலந்து, துணி விரித்தாற்போல் மெழுக்காகத் தெரியும். அகச்சிவப்புப் படத்தில் உயர்ந்த மேகம் குளிர்ந்து தனியே தெரியும். மெல்லிய புகையோ ஏறக்குறைய மறைந்தே போய்விடும், அதன் வழியே தரையின் வெப்பம் ஊடுருவி வந்து விடுகிறது. ஆகவே கண்ணொளிப் படத்தில் இருந்து, அகச்சிவப்பில் இல்லாததைப் புகை என்று ஐயப்படலாம். காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில் புகை பளிச்சென்று தெரியும். உச்சி வெயிலில் மங்கும். இரவில் கண்ணொளிப் படம் பெரும்பாலும் உதவாது.

தீ எரியும் இடத்தையும் கோள் தனியே காட்டுகிறது. இதற்கு வீன் விதி போதும். 300 கெல்வின் வெப்பமுள்ள தரை 10 மைக்ரோமீட்டரை ஒட்டிய அலைநீளத்தில் அதிகம் கதிர் வீசும். 800 கெல்வின் தீ 4 மைக்ரோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அலைநீளத்தில். ஆகையால் 4 மைக்ரோமீட்டர் படத்தில் ஒரு கட்டத்தின் சிறு மூலையில் தீ இருந்தால்கூட அக்கட்டம் முழுவதும் சுடராய்த் தெரியும். தீப்புள்ளியிலிருந்து காற்றின் திசையில் விசிறி போல் விரியும் மங்கல் எதுவோ அது புகை. அமெரிக்காவில் இன்றும் இதை இயந்திரத்திடம் முழுதாக விட்டுவிடவில்லை. பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள் படங்களை ஓட விட்டுப் பார்த்துப் புகையின் எல்லையைத் தம் கையால் வரைந்து, மெலிது, நடுத்தரம், அடர்த்தி என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். வெக்ஸ்லர் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்கக் கூடாது. மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு, புகை எந்த உயரத்தில் இருக்கிறது என்று சாதாரணப் படத்தில் தெரியாது. 1950 இல் வாஷிங்டன் மேல் இருந்தது போல் உயரத்தில் மிதக்கும் புகையும், தரையை ஒட்டி மூச்சில் நுழையும் புகையும் படத்தில் ஒன்று போலவே இருக்கும். முன்னது வெயிலைத்தான் மறைக்கும். பின்னது ஆஸ்துமா உள்ள பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பும். 2006 முதல் 2023 வரை கலிப்ஸோ என்ற கோள் லேசர் ஒளியைக் கீழே பாய்ச்சிப் புகை அடுக்கின் உயரத்தை அளந்தது. ஆனால் அது சென்ற பாதைக்கு நேர் கீழே மட்டுமே. எனவே கோளின் படம், தரையில் உள்ள தூசு அளவுகோல், காற்றின் கணக்கு மூன்றும் சேர்ந்தால்தான் ஓர் ஊருக்கு உறுதியாக எச்சரிக்கை சொல்ல முடிகிறது. 2023 ஜூன் 7 ஆம் நாள் கனடாவின் கியூபெக் காடுகளின் புகை நியூயார்க்கை ஆரஞ்சு நிறத்தில் ஆழ்த்தியபோது, அது தரை வரை இறங்கியிருந்தது; மக்கள் முகமூடி அணிந்து நடந்தார்கள். வானம் இருண்டதன் காரணம் மட்டும் அன்று ஒருவருக்கும் புதிராக இல்லை. 1950 இல் இருந்த திகில் அங்கே இல்லை.

இனி வெக்ஸ்லரின் கடைசி ஆண்டுகள். 1957-58 இல் நடந்த பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் அண்டார்க்டிகாவுக்குச் சென்ற அமெரிக்கக் குழுவின் தலைமை விஞ்ஞானி இவரே. அங்குள்ள மலை ஒன்று இன்று இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958 இல் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கியதற்குத் துறையின் உதவி கிடைக்கச் செய்தவர்களில் இவர் முதன்மையானவர். 1961 இல் கென்னடி ஐக்கிய நாடுகள் சபையில் வானிலையில் உலக நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்று பேசினார். பிறகு வெக்ஸ்லரும் சோவியத் நாட்டு விக்டர் புகாயெவும் ஜெனீவாவில் அமர்ந்து உலக வானிலைக் கண்காணிப்புத் திட்டத்துக்கு வரைவு எழுதினார்கள். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஏவுகணைகளைப் பற்றி இரு நாடுகளும் பேச முடியாத நாளில், காற்றைப் பற்றி இந்த இருவரால் பேச முடிந்திருக்கிறது. எந்த நாட்டுக் கோள் எடுத்த படமும் எல்லா நாட்டுக்கும் கிடைக்க வேண்டும் என்ற இன்றைய வழக்கத்துக்கு அந்த வரைவே அடித்தளம்.

1962 இல் இவர் வேறொன்றில் ஆழ்ந்திருந்தார். வானிலையை மனிதன் மாற்ற முடியுமா என்ற பேச்சு அப்போது மிகுந்திருந்தது. வேண்டுமென்றோ அறியாமலோ மனிதன் மேலடுக்கில் எதைச் சேர்த்தால் என்ன கேடு விளையும் என்று வெக்ஸ்லர் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தார். குளோரின், புரோமின் ஆகியவை ஓசோன் படலத்தைச் சிதைக்கும் என்ற முடிவுக்கு வந்திருந்தார். மோலினாவும் ரௌலாண்டும் குளோரின் பற்றி எழுதிப் பின்னாளில் நோபல் பரிசுக்கு உரியவர்களாக ஆன கட்டுரை வெளிவந்தது 1974 இல்! அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இவர் அதன் வாசலில் நின்றிருக்கிறார். ஓசோனைப் பற்றி ஓர் உரையும் ஏற்பாடாகி இருந்தது. அதை ஆற்ற அவருக்கு நாள் கிட்டவில்லை. 1962 ஆகஸ்ட் 11 ஆம் நாள், வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊரில் விடுமுறையில் இருந்தபோது மாரடைப்பால் காலமானார். வயது 51. அந்தக் குறிப்புகள் அவருடைய தாள்களோடு பல்லாண்டுகள் அடங்கிக் கிடந்து, அறிவியல் வரலாற்றாளர் எடுத்துப் படித்த பிறகே வெளியே தெரிந்தன.

ஓசோனை அளப்பதற்கென்றே ஒரு கருவி 1978 இல் நிம்பஸ்-7 என்ற கோளில் ஏவப்பட்டது. சூரியனின் புற ஊதாக் கதிர் பூமியிலிருந்து எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை அது அளக்கும். அதன் பதிவுகளை 1990களில் மீண்டும் ஆராய்ந்தவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். காட்டுத் தீப் புகையும் பாலைவனத் தூசும் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், அவை இருக்கும் இடம் அந்தப் பதிவில் தனியே தெரிந்தது. வெண்மேகத்துக்கு மேல் மிதக்கும் புகைகூட. அது முதல் புகையைத் தொடர இந்த முறையும் கைகொடுக்கிறது. 2019-20 இல் ஆஸ்திரேலியக் காடுகள் எரிந்தபோது, புகை 30 கிலோமீட்டருக்கு மேல் உயர்ந்து, தென் அமெரிக்காவைத் தாண்டி உலகைச் சுற்றி வந்ததை இத்தகைய கருவிகளும் லேசர் கோளும் சேர்ந்து நாள்தோறும் காட்டின. வெக்ஸ்லர் ஆராய்ந்த கிரகடோவாத் தூசு எட்டிய அதே மேலடுக்குக்குக் காட்டுத் தீயின் புகையும் ஏறும் என்பது அதில் ஐயமற விளங்கிற்று.

சுவோமியின் பெயர் தாங்கிய சுவோமி என்.பி.பி. கோள் 2011 அக்டோபரில் ஏவப்பட்டது. 2023 மே திங்களில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடகிழக்கில், 1950 ஆம் ஆண்டுத் தீ தொடங்கிய அதே ஃபோர்ட் செயின்ட் ஜான் வட்டாரத்தில், டானி கிரீக் என்னும் இடத்தில் காடு தீப்பற்றியது. சுமார் 6 லட்சம் ஹெக்டேர் எரிந்த அந்தத் தீயின் ஒவ்வொரு நாள் புகையும், பகலிலும் நள்ளிரவிலும் அப்பக்கம் கடந்து செல்லும் கோள்களின் படங்களில் பதிந்திருக்கிறது.